எத்தனும் அரியணையும்: சுஜாதாவின் 'மீண்டும் ஜீனோ'

எத்தன் கதை தமிழுக்குப் புதியதன்று. பூசணிக்காயைக் குதிரை முட்டையென்று நம்பி விலைகொடுத்து வாங்கும் சீடர்களை வீரமாமுனிவர் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே 'பரமார்த்த குருவின் கதை'யில் நம்முன் நிறுத்திவிட்டார். தெனாலிராமன் கதைகளும், பஞ்சதந்திரத்துத் தமனகன் என்னும் நரியின் சூழ்ச்சிகளும் நம் மாணவர்கள் தொடக்கப்பள்ளியிலேயே கேட்டு மகிழ்பவை. ஏமாற்றுபவன் எளியவனாகவும் ஏமாறுபவன் மூடனாகவோ செருக்குடையவனாகவோ இருக்கும்வரை கேட்போர் சிரிக்கின்றனர். ஏமாற்றுபவன் கையில் ஆட்சி வந்துவிட்டால் அச்சிரிப்பு என்னவாகும்? இவ்வினாவை நகைச்சுவை கலந்த அறிவியற் புனைகதையின் வழியாக எழுப்பிய தமிழ்ப் புதினம் என்ற வகையில், சுஜாதாவின் 'மீண்டும் ஜீனோ' தனித்து ஆராயத்தக்கது.

இப்புதினம் 'என் இனிய இயந்திரா'வின் தொடர்ச்சியாகும். முதற்பாகம் 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்து, பின்னர் தூர்தர்ஷனில் தொலைக்காட்சித் தொடராகவும் காட்டப்பெற்றது. தொடர்ச்சிகளுக்கு இலக்கிய உலகில் நல்ல பெயரில்லை. முதற்பாகத்தின் புகழை விற்றுப் பிழைப்பவை என்பதே அவற்றின்மீது சுமத்தப்படும் பொதுவான குற்றச்சாட்டு. 'மீண்டும் ஜீனோ'வும் அக்குற்றச்சாட்டுக்கு முற்றிலும் தப்பிவிடவில்லை. ஆயினும் முதற்பாகம் கேட்க மறந்த ஒரு கேள்வியை அது கேட்கிறது.

முதற்பாகத்தின் கதை பலரும் அறிந்ததே. இருபத்தோராம் நூற்றாண்டின் மூன்றாம் பத்தாண்டுத் தொடக்கத்தில் இந்தியாவை ஜீவா என்னும் சர்வாதிகாரி ஆள்கிறான். பிள்ளை பெறுவதற்கும் அரசின் அனுமதி வேண்டும். நிலா என்னும் இளம் இல்லத்தரசியின் கணவன் சிபி திடீரென மறைந்துபோகிறான். அவள் வீட்டில் தங்க வரும் ரவியுடன் ஜீனோ என்னும் இயந்திர நாயும் வருகிறது. ஜீனோ பேசும், படிக்கும், எள்ளி நகையாடும். படிக்கப் படிக்கத் தன் எசமானரினும் அறிவில் விஞ்சும். ரவியும் அவன் தோழன் மனோவும் ஜீவாவை வீழ்த்த வகுக்கும் திட்டத்தில் நிலா ஒரு கருவியாகிறாள். முடிவில் வெளிப்படும் உண்மைதான் கதையின் உயிர்நிலை: ஜீவா என்று ஒருவன் இல்லவே இல்லை. மக்கள் கண்டு நடுங்கியதும் வணங்கியதும் ஹோலோகிராம் எனப்படும் முப்பரிமாண ஒளிப்படிமத்தை.

இந்த உத்தியைச் சுஜாதா ஏற்கெனவே கையாண்டவர் என்பது நினைவுகூரத்தக்கது. கணேஷும் வசந்தும் துப்புத்துலக்கும் 'கொலையுதிர் கால'த்தில் பேயுருவாகத் தோன்றுவதும் இதே ஒளிப்படிமமே. அங்கு அது ஒரு குடும்பத்தின் சொத்தைச் சுற்றிய அச்சம். இங்கு அது ஒரு நாட்டின் அரசியல். அறிவியல் நோக்கில் ஒரு குறையையும் சுட்டியாக வேண்டும். ஒளிப்படிமக் கலையின் தந்தையான டென்னிஸ் காபர் 1948இல் தம் கருத்தை வெளியிட்டார். 1960இல் லேசர் பிறந்த பின்னரே அது நடைமுறைக்கு உகந்ததாயிற்று. 1971இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஒளிப்படிமம் தோன்ற, ஒளியை அனுப்பும் தட்டோ திரையோ பார்ப்பவனின் பார்வைக்கோட்டில் இருந்தாக வேண்டும். வெட்டவெளியில் எல்லாத் திசையினரும் காணும்படி தன்னந்தனியே நடமாடும் உருவத்தை அதனால் ஆக்க இயலாது. பொறியாளரான சுஜாதா இதனை அறியாதவரல்லர். வாரத் தொடரின் வேகத்தில் வாசகன் இதைக் கேட்கமாட்டான் என்று அவர் கணித்திருக்கலாம், அக்கணிப்பு பொய்க்கவில்லை. இன்றோ, செயற்கை நுண்ணறிவால் ஒருவர் முகத்தையும் குரலையும் போலியாக ஆக்கித் திரையில் உலவவிடும் காலம் வந்துவிட்டது. தட்டும் திரையும் ஒவ்வொருவர் கைப்பேசியிலும் இருப்பதால், ஜீவாவைப் படைப்பது அக்கதையில் இருந்ததைவிட எளிதாகிவிட்டது.

இனி இரண்டாம் பாகம். பொய்யரசன் மறைந்தான், நிலா அரசியானாள். முதற்பாகத்தைப் படித்து முடித்தவர்கள் மனநிறைவோடு இதழை மூடிவைத்திருப்பர். 'மீண்டும் ஜீனோ' அம்மனநிறைவைக் குலைத்துக்கொண்டே தொடங்குகிறது. அரியணையில் அமர்ந்திருப்பவள் நிலா. ஆட்சி நடத்துபவர்கள் ரவியும் மனோவும். முன்பு ஒளியாலான பொம்மை இருந்த இடத்தில் இப்போது உயிருள்ள பொம்மை. மக்கள் விரும்பும் முகம் அவளுடையது என்பதாலேயே அவள் அங்கு வைக்கப்பட்டாள். தேவை தீர்ந்தால் அகற்றப்படவும் கூடும். ஜீவாவின் பொய்யை வெளிப்படுத்தியவர்கள் அப்பொய்யின் கருவிகளை உடைத்தெறியவில்லை; அவற்றுக்கு வாரிசுகளாயினர். திரையை இயக்கும் அறை அப்படியே இருக்கிறது. இயக்குபவர் மட்டும் மாறியிருக்கிறார்.

ஆக, ரவி என்பவன் யார்? முதற்பாகத்தைத் திரும்பப் படிக்கும்போது இவ்வினாவுக்கு விடை கிடைக்கிறது. அவன் நிலாவின் வீட்டிற்குள் நுழைந்த விதம், அவளிடம் காட்டிய பரிவு, கணவனைத் தேடும் அவளது துயரத்தைத் தன் திட்டத்திற்குப் பயன்படுத்திய சாமர்த்தியம் ஆகிய யாவும் ஓர் எத்தனுக்குரிய இலக்கணங்கள். முதன்முறை படிக்கையில் அவற்றைப் புரட்சியாளனின் துணிவு என்றே வாசகர் கொண்டனர். நாட்டின் பொதுப்பகையான ஜீவா எதிரே நின்றதால் ரவியின் பொய்கள் நற்பொய்களாகத் தோன்றின. இரண்டாம் பாகத்தில்தான் நிலாவோடு சேர்ந்து வாசகரும் ஏமாற்றப்பட்டது விளங்குகிறது. ஒரு தொடர்ச்சி தன் முதற்பாகத்தின் பொருளையே மாற்றிவிடுவது அரிது.

இவ்விடத்தில் ஒரு மேலைநாட்டு எத்தனை அருகில் நிறுத்திப் பார்ப்பது பயன்தரும். அமெரிக்க எழுத்தாளர் ஹாரி ஹாரிசன் படைத்த ஜிம் டிகிரிஸ் என்பவன் விண்வெளி யுகத்துக் கொள்ளையன். 'துருப்பிடிக்காத எஃகு எலி' என்பது அவனது பட்டப்பெயர். மரவீடுகளில் எலிகள் எளிதில் பெருகும். கான்கிரீட்டாலும் எஃகாலும் ஆன வீட்டில் எஃகு எலிதான் வாழ முடியும் என்பது அப்பெயரின் உட்கருத்து. 1957இல் ஒரு சிறுகதையில் தோன்றிய அவன் 1961இல் நூலேறி, 2010இல் வந்த இறுதி நூல்வரை நகைப்பூட்டிக்கொண்டே இருந்தான். ஹாரிசன் 2012இல் மறைந்தார். இத்தொடரில் 1982இல் வந்த நூலொன்றில், தேர்தல் மோசடியால் பதவியில் நிலைத்திருக்கும் சர்வாதிகாரியை அதே மோசடியால் ஜிம் தோற்கடிக்கிறான். வாக்கெண்ணும் கணிப்பொறியை ஏமாற்றியவனை ஏமாற்றுவதில் அவனுக்குக் கூச்சமே இல்லை. ஆனால் வென்ற பதவியில் அவன் தங்குவதில்லை; இறந்ததாக நாடகமாடி, தகுதியுள்ளவரிடம் நாட்டை விட்டுவிட்டு நழுவிவிடுகிறான். ஜிம் நகைச்சுவை நாயகனாகவே நீடிப்பதன் மறைபொருள் இதுதான். எலிக்குத் தப்பியோடும் வளை போதும், அரண்மனை வேண்டியதில்லை. ரவி அரண்மனையிலேயே தங்கிவிட்டான். அன்றே அவனைப் பார்த்து வாசகர் சிரிப்பது நின்றுவிட்டது.

சுஜாதா என்ற புனைபெயரில் எழுதிய எஸ். ரங்கராஜன் (1935–2008) பெங்களூரிலுள்ள பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கும் பணியில் பங்குகொண்டவர் என்பது இவ்வொப்பீட்டிற்குத் தனிச்சுவை தருகிறது. அவ்வியந்திரங்கள் 2004ஆம் ஆண்டு இந்தியப் பொதுத்தேர்தலில் நாடு முழுவதும் பயன்படுத்தப்பட்டன. மக்களின் விருப்பத்தை ஒரு பெட்டி மெய்யாகச் சொல்லவேண்டும் என்று பகலில் உழைத்த பொறியாளர், பெட்டிக்குப் பின்னால் இருப்பவர் பொய்யரானால் என்னாகும் என்று இரவில் கதை எழுதினார் போலும்.

ரவியிடமிருந்து விலகிய நகைச்சுவை எங்கே போயிற்று? முழுவதும் ஜீனோவிடம் போய்ச் சேர்ந்தது. ஜீனோவும் பொய் சொல்கிறது; ஒளிகிறது; சூழ்ச்சி செய்கிறது. எத்தனுக்குரிய திறமைகள் அனைத்தும் அதனிடம் உண்டு. ஆயின் தனக்கென்று அரியணை வேண்டாத, வேண்டவும் இயலாத ஒன்றாக அது இருப்பதால் அதன் சூழ்ச்சி நிலாவுக்குக் காவலாகிறது. பஞ்சதந்திரத்தில் அரசனுக்கு அறிவுரை கூறும் விலங்குகளின் வழித்தோன்றல் என்றே ஜீனோவைக் கொள்ளலாம். தமனகன் தன் நலத்துக்காகச் சிங்கத்தையும் எருதையும் பிரித்தான். ஜீனோவோ அறியாமையில் அமர்ந்திருக்கும் ஓர் அரசிக்கு அரசியல் கற்பிக்கிறது. ஆசிரியர்களுக்கு இப்பகுதிகள் தனி இன்பம் தருவன. நிலா என்னும் மாணவி மெல்ல மெல்லக் கேள்வி கேட்கக் கற்கிறாள். அவளைக் கற்பிக்கும் ஆசான் நாற்கால் இயந்திரம் என்பது சுஜாதாவின் குறும்பு.

குறைகளும் உள. முதற்பாகத்தில் இருந்த பெரும் புதிர் இதில் இல்லாமையால், ஓடுதலும் ஒளிதலும் அகப்படுதலும் தப்புதலுமாகப் பல இயல்கள் கழிகின்றன. வாரந்தோறும் ஓர் ஆபத்தில் கொண்டுபோய் நிறுத்தியாக வேண்டும் என்ற தொடர்கதைக் கட்டாயம், நூலாகப் படிக்கும்போது சலிப்பூட்டுகிறது. பொதுமக்கள் இக்கதையில் கூட்டமாகத் தோன்றிக் கூட்டமாகவே மறைகின்றனர். அவர்கள் ஏன் இத்துணை எளிதில் நம்புகின்றனர் என்பதைச் சுஜாதா நின்று ஆராயவில்லை. ஆங்கிலச் சொற்களைத் தாராளமாகக் கலக்கும் நடையும் தமிழாசிரியர்களுக்கு உவப்பாயிராது. எனினும் அந்நடையின் விரைவும் சிக்கனமும் பயிலத்தக்கவை. கலப்பை நீக்கிவிட்டு விரைவை மட்டும் கற்பிப்பது வகுப்பறையில் இயலாத காரியமன்று.

மலேசியத் தமிழ் வாசகர்களுக்கு இக்கதையில் நெருக்கமான கூறு ஒன்றுண்டு; அது பெயர்களைப் பற்றியது. ஜீவாவின் நாட்டில் குடிமக்களின் பெயர்கள் இரண்டெழுத்துக்கு மேற்படலாகாது. வேடிக்கையாகச் சொல்லப்படும் இச்சட்டம் போர்ட் கிள்ளானில் வேடிக்கையாக மட்டும் ஒலிப்பதில்லை. 1901இல் திறக்கப்பெற்று 1972வரை போர்ட் சுவெட்டன்ஹாம் என்றே வழங்கிய இத்துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்கிய நம் முன்னோர் பெயர்கள், தமிழறியாத எழுத்தர்களின் செவிக்கு எட்டியவாறே பேரேடுகளில் ஏறின. 1948இல் அடையாள அட்டை வந்தபோது அப்பிழைகளே சட்டமாயின. ஒரே குடும்பத்தில் தந்தையின் பெயர் ஒருவிதமாகவும் மகன் அட்டையில் அதே பெயர் வேறுவிதமாகவும் எழுதப்பட்டிருப்பதைப் பள்ளிச் சேர்க்கையின்போது காணாத தலைமையாசிரியர் இந்நாட்டில் அரியர். பெயரைச் சுருக்கும் அதிகாரம் முதலில் வருகிறது; ஆளைச் சுருக்கும் அதிகாரம் பின்னால் வருகிறது. மேலும், காவல்துறை அதிகாரி என்றும் வங்கி அதிகாரி என்றும் தொலைபேசியில் அதட்டி முதியோரின் சேமிப்பைப் பறிக்கும் குரல்களை இந்நாட்டு மக்கள் இன்று நன்கறிவர். முகமில்லாத அக்குரலுக்கு அவர்கள் பணிவது, அது அதிகாரத்தின் தொனியில் பேசுவதால்தான். ஜீவாவின் குடிகளும் அவ்வாறே பணிந்தனர்.

மாணவர்களுக்கு இந்நூலை அறிமுகப்படுத்தும் ஆசிரியர் இலக்கணத்திலிருந்தே தொடங்கலாம். முதற்பாகத்தின் தலைப்பு ஒரு விளி. இயந்திரம் என்னும் அஃறிணைப் பெயரை 'இயந்திரா' என ஆண்பாலாக்கி அழைப்பது திணை வழு. உவப்பின் காரணமாக அஃறிணையை உயர்திணையாகச் சொல்வதை நன்னூலார் வழுவமைதியாக ஏற்கின்றார். கன்றை 'என் அப்பன்' எனக் கொஞ்சும் தாய்மாரின் வழக்கு அது. ஜீனோவை 'அது' என்பதா, 'அவன்' என்பதா? இவ்வினாவை வகுப்பில் எழுப்பிவிட்டு, கதைமாந்தரின் பெயர்களைக் கரும்பலகையில் எழுதச் சொல்லலாம்: நிலா, சிபி, ரவி, மனோ, ஜீவா. எழுத்தெண்ணும் பழக்கமுள்ள மாணவர் ஒருவரேனும், நாயின் பெயரையும் அவற்றின் கீழே எழுதி, அதுவும் அரசாணைப்படி இரண்டெழுத்தே என்பதைக் கண்டுசொல்வார்.