பசியும் வேட்கையும்: மணிமேகலையில் பற்று, நிறைவு, அன்றாட இன்பம்

ஆய்வுச் சுருக்கம்

பௌத்தம் இன்பத்தை மறுக்கும் சமயம் என்னும் கருத்து மணிமேகலை பற்றிய வாசிப்புகளிலும் செல்வாக்குப் பெற்றுள்ளது. அக்காப்பியம் பசியையும் வேட்கையையும் வேறுபடுத்திக் காண்கிறது. அவ்வேறுபாட்டின் வழியே இல்வாழ்வாரின் அன்றாட இன்பத்திற்கு இடமளிக்கிறது. இதனை நிறுவ முற்படும் இக்கட்டுரை, அக்காப்பியப் பார்வையின் எல்லைகளையும் சுட்டுகிறது.

முன்னுரை

‘ஆசையே துன்பத்திற்குக் காரணம்’ என்னும் தொடர் பௌத்தத்தின் சாரமாகப் பாடநூல்களிலும் மேடைகளிலும் வழங்கிவருகிறது. யாரை நோக்கிச் சொல்லப்படுகிறது என்பதைப் பொறுத்து இத்தொடரின் பொருள் மாறுகிறது. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திர மாநிலம் சேசாசலம் வனப்பகுதியில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்கள் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று காவல்துறை கூறியது. இறந்தோருள் ஜவ்வாது மலையையும் அதன் அடிவாரத்தையும் சேர்ந்தவர்களும் இருந்தனர். மலையாளிப் பழங்குடியினர் மழையை நம்பிச் சாமை விதைக்கும் மலை அது. விளைச்சல் போதாத காலத்தில் கூலி தேடி மலையிறங்குவோர் அங்குப் பலர். அவர்களது பயணத்தைப் ‘பேராசை’ என்னும் ஒரு சொல்லால் விளக்கிவிடுவது எளிது. ஆயின், பசி செலுத்திய பயணமும் வேட்கை செலுத்திய பயணமும் ஒன்றாகுமா? முழுமையாகக் கிடைக்கும் ஒரே தமிழ்ப் பௌத்தக் காப்பியமான மணிமேகலையிடம் இவ்வினாவிற்கு விடை உண்டு.

1898இல் உ.வே. சாமிநாதையர் இந்நூலைப் பதிப்பித்தார். 1940இல் மயிலை சீனி. வேங்கடசாமியின் ‘பௌத்தமும் தமிழும்’ வெளிவந்தது. அதன்பின் காப்பியத்தின் காலம், அளவையியல், சமயப் பூசல் ஆகியன விரிவாக ஆராயப்பட்டுள்ளன. பதிகமே இந்நூலை ‘மணிமேகலை துறவு’ எனச் சுட்டுவதால் துறவே அதன் முழுப்பொருள் என்னும் எண்ணமும் வேரூன்றியது. இவ்வெண்ணம் மறுபரிசீலனைக்கு உரியது.

வேட்கை என்னும் சொல்லின் பொருள்

காப்பியத்தின் இறுதிக் காதையில் அறவண அடிகள் பன்னிரு சார்புகளை உரைக்கிறார். பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன் என்பன அவை. இவ்வரிசையில் நுகர்வும் வேட்கையும் தனித்தனிச் சார்புகளாக நிற்பது கருதத்தக்கது. புலன்களால் ஒன்றை உணர்ந்து துய்த்தல் நுகர்வு. துய்த்தது போதாமல் நிறைவின்றி நிற்றல் வேட்கை. அறவண அடிகள் வேட்கைக்குத் தரும் விளக்கத்தில் அழுத்தம் பெறுவது இந்த ஆராமையே. நுகர்வே நோய் எனில் வேட்கைக்குத் தனி இலக்கணம் வேண்டியதில்லை. உணவின் சுவையோ உறவின் இனிமையோ தன்னளவில் குற்றமாகாது; நிறைவு கொள்ளாத நெஞ்சிடமே குற்றம் உள்ளது என்பது இவ்விலக்கணத்தால் பெறப்படுகிறது.

யானைத்தீ: ஆராமையின் உருவம்

இறுதியில் இலக்கணமாக வருவதைக் காப்பியம் முன்னரே கதையாகக் காட்டிவிடுகிறது. விஞ்சை மகளான காயசண்டிகை, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பழுக்கும் நாவற்கனியைக் காலால் சிதைத்தாள். அதனால் விருச்சிக முனிவனின் சாபத்திற்கு ஆளாகி யானைத்தீ என்னும் நோய் உற்றாள். எவ்வளவு உண்டும் அவள் வயிறு நிறைவதில்லை. அமுதசுரபியிலிருந்து மணிமேகலை இட்ட ஒரு பிடி உணவால் அந்நோய் தீர்கிறது. மிகுதி தீர்க்காததை ஒரு பிடி தீர்த்தது என்னும் இவ்வமைப்பு வேட்கையின் இலக்கணத்தை உடலின்மேல் ஏற்றிக் காட்டுகிறது.

இந்நோய்க்கு எதிராக இயல்பான பசியைக் காப்பியம் எங்கும் பழிக்கவில்லை. குடிப்பெருமை, கல்வி, நாண் ஆகியவற்றை அழிக்கும் கொடுமையாகப் பசி கூறப்படினும், அப்பழி பசித்தவர்மேல் சுமத்தப்படுவதில்லை. பசித்தவரிடம் ஆசையை விடுமாறு மணிமேகலை கூறுவதில்லை, முதலில் உணவிடுகிறாள். சிறைக்கோட்டத்துள் புகுந்து அங்குள்ளோர்க்கும் உணவிட்டு, அதனை அறக்கோட்டமாக்குமாறு மன்னனிடம் வேண்டுகிறாள். தருமம் கேட்டு அவள் நோன்பு பூணுவது இவற்றிற்குப் பின்னரே நிகழ்கிறது. இவ்வரிசை காப்பியத்தின் முதன்மைகளைப் புலப்படுத்துகிறது.

பற்று அருளாக விரிதல்

மணிமேகலை பற்றற்றவளாக அறிமுகமாகவில்லை. உதயகுமரனைக் கண்டபோது தன் நெஞ்சம் அவன்பின் சென்றதைச் சுதமதியிடம் ஒளிக்காமல் கூறுகிறாள். அவன் வெட்டுண்டு கிடந்தபோது, முற்பிறப்பின் கணவன் என்னும் நினைவால் புலம்பி அவனுடலை அணுக முற்படுகிறாள், கந்திற்பாவை தடுக்கிறது. பற்றின் வலிமையைத் தன்னுள் அறிந்தவளாதலின், மகனை இழந்த இராசமாதேவியிடம் அவள் பேசும் சொற்கள் வெற்று அறிவுரையாகவில்லை. அரசியின் அழுகை எதன் பொருட்டு என வினவுகிறாள். உடலின் பொருட்டெனில், அதைப் புறங்காட்டிற்கு அனுப்பியவர் யார் என்கிறாள். உயிரின் பொருட்டெனில், அது சென்று புக்க இடம் அறிதற்கு அரியது என்கிறாள். அவ்வுயிர்மேல் அன்புண்டாயின் எல்லா உயிர்க்கும் இரங்குதல் வேண்டும் என முடிக்கிறாள். தாயன்பை அவள் இகழவில்லை. ஒருவன்மேல் குவிந்த அன்பு அனைவர்க்கும் உரியதாக விரிகிறது. பற்றறுத்தல் என்பது அன்பறுத்தல் ஆகாது என்பதற்கு இப்பகுதி வலுவான சான்றாகும்.

இல்வாழ்வார் இன்பம்

அமுதசுரபியில் முதற்பிச்சை இட்டவள் துறவி அல்லள், இல்லறத்தாளாகிய ஆதிரை. அவள் கணவன் சாதுவன் கணிகையாலும் சூதாலும் பொருளிழந்து, கடலோடி, கலமுடைந்து நாகர் மலையை அடைகிறான். நாகர் தலைவனுக்கு அவன் உரைக்கும் அறம் நடைமுறை சார்ந்தது. கரைசேர்ந்தோரைக் கொல்லாதிருக்க வேண்டும். மூத்து இறந்த விலங்கன்றிப் பிறவற்றைக் கொல்லாதிருக்க வேண்டும். ஊனை முற்றாக விடுமாறு அவன் வற்புறுத்தவில்லை; கேட்போர்க்கு இயலும் அறத்தையே கூறுகிறான். பின்னர்ப் பொருளுடன் ஊர் திரும்பி, ஆதிரையொடு வாழ்ந்து தானம் செய்கிறான்.

பாலி மொழியிலுள்ள அங்குத்தர நிகாயத்தில் இல்லறத்தானாகிய அநாதபிண்டிகனுக்குப் புத்தர் நால்வகை இன்பங்களை உரைக்கிறார். அறவழியில் ஈட்டிய பொருளுடைமை, அதனைத் துய்த்தலும் அறஞ்செய்தலும், கடனின்மை, பழியின்மை என்பன அவை. மீண்டு வந்த சாதுவனின் வாழ்வு இவற்றுள் முதலிரண்டிற்கு ஓர் எடுத்துக்காட்டு எனலாம். கடனின்மையைத் தனி இன்பமாக எண்ணிய சிந்தனை, ஏழையின் துன்பத்தை அவனது ஆசையால் மட்டும் விளக்கியிருக்க இயலாது.

காப்பியப் பார்வையின் எல்லைகள்

எனினும் காப்பியத்தின் பார்வை குறையற்றது அன்று. மலைவாழ் நாகரை ஆடையற்றோராகவும் மனித ஊன் உண்போராகவும் அது சித்திரிக்கிறது. அறம் கடல்வழி வந்த வணிகனிடமிருந்து மலைக்குச் செல்கிறதேயன்றி, மலையிலிருந்து கற்க எதுவுமில்லை என்னும் எண்ணம் இதில் மறைந்துள்ளது. மேலும், நாகர் சாதுவனுக்கு அளித்த செல்வம் முன்பு கலங்கவிழ்ந்து தம்மிடம் அகப்பட்டோரின் உடைமை. அச்செல்வத்தில் ‘பழியின்மை’ என்னும் நான்காம் இன்பம் உண்டா என்பதைக் காப்பியம் எண்ணிப்பார்க்கவில்லை.

பசியின் காரணம் பற்றியும் அதன் ஆய்வு ஆழமானதன்று. மழை பொய்த்தலே பஞ்சத்தின் காரணமாக வருகிறது; நிலம், கூலி, கடன் ஆகியன பேசப்படுவதில்லை. மழை பெய்து பசி நீங்கியபோது அமுதசுரபியை ஏற்பார் இன்றித் துயருற்ற ஆபுத்திரன், மணிபல்லவத்தில் அதனைக் கோமுகிப் பொய்கையில் விட்டு உண்ணாநோன்பால் உயிர்துறக்கிறான். இரப்போர் இல்லாத உலகு கொடுப்பவனுக்குத் துயராவது, ஈகையும் பற்றாகக்கூடும் என்பதைக் காட்டுகிறது. காப்பியம் இம்முரணைக் கதையில் வைக்கிறது, தீர்த்து வைக்கவில்லை.

முடிவுரை

மணிமேகலையின் அடிப்படை எதிர்வு இன்பத்திற்கும் துறவிற்கும் இடையில் அமையவில்லை. நிறைவிற்கும் ஆராமைக்கும் இடையில் அமைந்துள்ளது. பசி தீர்தல், உறவின் அன்பு, அறவழிப் பொருள் ஆகியன நிறைவின் பக்கம் நிற்கின்றன. உண்டும் அடங்காத யானைத்தீ மறுபக்கம் நிற்கிறது. பௌத்தத்தின் பெயரால் ‘ஆசை’யைக் கண்டிப்போர் இவ்வேறுபாட்டை விட்டுவிட்டால், வேட்கைக்குரிய பழி பசித்தவர்மேல் விழுகிறது. சாமை விளையும் மலையிலிருந்து கூலிக்கு இறங்கியவர்களிடம் அமுதசுரபி ஏந்தியவள் ஆசையை விடுமாறு கூறியிருக்கமாட்டாள் என்பதற்குக் காப்பியத்திலேயே சான்று உண்டு. ‘ஆசை’ என்னும் ஒரே சொல்லால் பௌத்தத்தைக் கற்பிக்கும் வகுப்பறைகளில் நுகர்வு, வேட்கை, பற்று ஆகிய மூன்று சொற்களையும் தனித்தனியே பொருள் விளக்கிக் கற்பிப்பது இவ்வாய்வின் முதற்பயனாக அமையலாம்.