மார்கழி இசையும் ஊர்க்கோடி இரசிகரும்

மார்கழி பிறந்துவிட்டால் சென்னை மாநகரம் இசைநகரமாகிவிடுகிறது. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் உள்ள சபாக்களில் காலை தொடங்கி இரவுவரை கச்சேரிகள் நிகழ்கின்றன. 2017-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் சென்னையை இசைக்குரிய படைப்பாக்க நகரங்களுள் ஒன்றாக ஏற்றது இப்பெருமைக்குச் சான்று. விழாவின் சிறப்பை நாம் மறுப்பதற்கில்லை. எனினும், இது யாருக்கு உரிய விழா என்னும் வினாவை எழுப்பாமல் அதனை மதிப்பிடுதல் இயலாது.

இவ்விழாவின் பிறப்பை எண்ணிப் பார்ப்போம். 1927 டிசம்பரில், டாக்டர் அன்சாரி அவர்களின் தலைமையில் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியது. அதனை ஒட்டி நடந்த இசை மாநாட்டின் விளைவாகவே 1928-இல் மியூசிக் அகாடமி தோன்றியது. பொதுமக்கள் திரண்ட பந்தலின் நிழலில் கருக்கொண்டது இவ்விழா. பின்னர், மேடைகளில் தமிழ்ப் பாடல்களுக்கு உரிய இடமில்லை என்ற குறை எழுந்தபோது, ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முன்னின்று 1943-இல் தமிழ் இசைச் சங்கத்தை நிறுவினார். குறை கூறியோரால் இசை தேயவில்லை, வளர்ந்தது. அத்துணிவோடு நாமும் இரண்டு குறைகளைக் கூறுகிறோம்.

முதலாவது, தொலைவு. நாம் வாழ்வது சிங்கப்பெருமாள் கோவிலில். மின்தொடர் வண்டியேறி மாம்பலத்தில் இறங்கிச் சபாவை அடைவது எளிது, திரும்புவதுதான் அரிது. பாடகர் இராகத்தை விரித்து, தானம் முடித்துப் பல்லவியை எடுக்கும் வேளையில் நம் கண் கடிகாரத்தை நாடுகிறது. மிருதங்க வித்துவான் தனி ஆவர்த்தனத்தைத் தொடங்கும்போது, அருகிருப்போரின் முழங்காலைக் கடந்து, மன்னிப்புக் கேட்டவாறே வெளியேறுகிறோம். தனி ஆவர்த்தனத்தின்போது எழுந்து செல்வோரை இரசனையற்றோர் என்று ஏசுவது வழக்கம். அவர்களுள் சிலர் செங்கற்பட்டு வண்டியைப் பிடிக்க ஓடுவோர் என்பதை ஏசுவோர் அறியார். பகற்கச்சேரிகள் பல இலவசமாக நடப்பது பாராட்டுக்குரியதே. ஆனால் உழைத்துண்போருக்குப் பகல் ஏது?

இரண்டாவது, நாகசுரம். வீதியில் வாழ்ந்த கலை அது. ஒலிபெருக்கி வேண்டாமலே ஊர் முழுவதையும் சபையாக்கிய கருவி அது. ஆந்திர நாட்டில் பிறந்த ஷேக் சின்ன மௌலானா சாகிப், திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பில் உள்ளம் பறிகொடுத்துத் தமிழகம் வந்தார். நாச்சியார்கோவில் வித்துவான்களிடம் பயின்றார். திருவரங்கத்தையே தம் ஊராக்கிக்கொண்டார். 1998-இல் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருது வழங்கியது. மறு ஆண்டே அவர் மறைந்தார். அவர் வழிவந்த ஷேக் மகபூப் சுபானி, காலீஷாபி மகபூப் தம்பதியர் 2020-இல் பத்மஸ்ரீ விருது பெற்றனர். பிறப்பும் சமயமும் நாதத்தைத் தடுக்கவில்லை என்பதற்கு இவர்களினும் வேறு சான்று வேண்டுவதில்லை. ஆயினும், பல சபாக்களில் தொடக்கநாள் மங்கல இசையோடு நாகசுரத்தின் பங்கு முடிந்துவிடுகிறது. விருதுக்குரிய கலை மாலைக்கச்சேரிக்கு உரியதாகாதா?

ஊர்தோறும் கொண்டு சென்றால் இசையின் தரம் தாழும் என்பர் சிலர். நுண்கலைக்கு அமைதி வேண்டும் என்பது உண்மையே. ஆனால் 2015-இல் பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் நண்பர்களும் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் மீனவ மக்களிடையே விழாத் தொடங்கியபோது கடலோசையோடு கருநாடக இசையும் ஒலித்தது. அம்முயற்சி எல்லாக் குறைகளையும் தீர்த்துவிட்டது என்று நாம் கூறவில்லை. கேட்பாரைத் தேடி இசை செல்லக்கூடும் என்பதை அது காட்டியது, அதுவே போதும்.

நாம் வேண்டுவது பெரிதன்று. ஒவ்வொரு சபாவும் தன் விழாவில் ஓரிரு நாட்களைத் தாம்பரத்துக்குத் தெற்கே உள்ள ஊர்களுக்கு ஒதுக்கட்டும். ஊர்தோறும் கல்யாண மண்டபங்கள் உள்ளன. பள்ளிக்கூடத் திடல்கள் உள்ளன. அங்கே ஒரு மாலையேனும் முழுமையான நாகசுரக் கச்சேரி நிகழட்டும். அன்று மங்களம் பாடி முடியும்வரை எழாமல் அமர்ந்திருந்து, பிறகு நடந்தே வீடு திரும்பும் பேறு நமக்கும் கிட்டும். அந்நாளே மார்கழி விழா மக்கள் விழாவாகும்.