காமுவின் 'அந்நியன்': ஒரு மறுபடிப்பு

1942இல் வெளிவந்த அல்பேர் காமுவின் 'அந்நியன்' இளமையிற் படிப்போரை எளிதிற் கவர்ந்துவிடும் நாவலாகும். தாயின் இறுதிச் சடங்கில் அழாதவன், காதலியிடத்தும் பொய்யன்பு காட்டாதவன், அதன்பொருட்டே மரண தண்டனைக்கு ஆளாகுபவன் என்ற வகையில் மெர்சோ ஒரு வீரனாகவே முதற் படிப்பில் தோன்றுவான். பொய்யுரைக்க மறுப்பவன் என்று 1955இல் எழுதிய முன்னுரையொன்றிற் காமுவே அவனுக்குச் சான்றிதழ் வழங்கியுமுள்ளார்.

ஆண்டுகள் பல கழிந்தபின் அதே நூலைக் கையிலெடுப்பவர் தயங்கி நிற்பது வேறோரிடத்திலாகும். அயலவனான ரேமோன் தன் அராபியக் காதலியை வரவழைத்து அவமதிக்கத் திட்டமிடுகிறான். அதற்கான கடிதத்தை எழுதிக் கொடுப்பவன் மெர்சோ. அவள் அடிபட்டபின் பொலிசாரிடம் ரேமோனுக்குச் சார்பாகச் சாட்சி சொல்பவனும் அவனே. தான் கண்டறியாத ஒன்றுக்கு அவன் அளித்த சாட்சியத்தைப் பொலிசார் சரிபார்க்கவுமில்லை. ரேமோன் எச்சரிக்கையுடன் தப்பிக்கொள்கிறான். பொய் சொல்லாதவன் என்ற புகழ்மொழி இவ்விடத்தில் எவ்வாறு நிலைக்கும்? கடற்கரையில் ஒலித்த ஐந்து வேட்டுகளுக்கும் வித்திட்டது இக்கடிதமே. சூரியன் மீது பழியைச் சுமத்திய விமர்சகர் பலரும் இதனை விரைந்து கடந்துவிட்டனர்.

நாவலின் சிக்கனமான நடையே இதற்கு உடந்தையாகின்றது. காரணகாரியத் தொடர்பு காட்டாத குறுவாக்கியங்களில், கடிதம் எழுதுவதும் கோப்பி அருந்துவதும் ஒரே எடை பெறுகின்றன. எனினும் மெர்சோவை உணர்ச்சியற்றவன் எனல் பொருந்தாது. நாயை இழந்த கிழவர் சலமானோ சுவருக்கப்பால் அழுவதைக் கேட்கையில், ஏனென்று அறியாமலே அவன் தன் தாயை நினைக்கிறான். அவனது இரக்கம் எட்டாத ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லை இன எல்லையுமாகும்.

கொலையுண்ட அராபியனுக்குப் பெயரில்லை. விசாரணையில் அராபியர் எவரும் சாட்சியாக வருவதுமில்லை. எட்வேர்ட் சயீத் 1993இல் இந்நாவலைப் பிரெஞ்சுக் குடியேற்ற ஆட்சியின் பின்னணியில் வைத்து ஆராய்ந்தார். அல்ஜீரிய எழுத்தாளர் கமெல் தாவூத் 2013இல் எழுதிய நாவலில், இறந்தவனுக்கு மூசா என்ற பெயரும் அவனுக்காகப் பேச ஒரு தம்பியும் கிடைத்தனர். இவ்விருவரின் பின் பழைய படிப்புக்கு மீளுதல் இயலாது. ஆயினும் நாவலின் மௌனம் முழுவதையும் ஆசிரியரின் குருட்டுத்தன்மையாகக் கொள்வது அவசரத் தீர்ப்பாகும். பிணத்தை மறந்து, தாயின் சவப்பெட்டியருகே புகைபிடித்தமையை விசாரிக்கும் நீதிமன்றத்தைப் படைத்தவரும் காமுவே அன்றோ?

சிறைக்காட்சியொன்று இங்கு நோக்கற்பாலது. முதல் நாளில் மெர்சோ அடைக்கப்பட்ட கூடத்தில் இருந்தோருட் பெரும்பாலோர் அராபியர். என்ன செய்தாய் என அவர்கள் வினவுகின்றனர். ஓர் அராபியனைக் கொன்றதாக அவன் கூறுகிறான். அவர்கள் மௌனமாகின்றனர். பின்னர் இரவு வருகையில், படுக்கும் பாயின் ஒரு முனையைச் சுருட்டித் தலையணையாக்கும் முறையை அவனுக்கு விளக்குகின்றனர். ஒரு சில வரிகளே. முதற் படிப்பில் அநேகமாக எவர் கண்ணிலும் படாதவை. அந்தக் கைகளுக்கு உரியவர்களைப் பற்றி நாவல் மேலும் எதுவும் கூறுவதில்லை.