மடிப்பில் ஓர் அன்னம்

பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரத் தாத்தா பழைய பட்டைப் பார்க்கிற விதமே தனி. பாட்டியின் அரக்குப் புடவையை உதறிப் பிரிக்கவில்லை. ஒவ்வொரு மடிப்பாகத் திறந்து வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பட்டு முதலில் இற்றுப்போவது மடிப்பில்தானே; ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம் கசிந்தாலும் விரல் அங்கே நின்றுவிடும். அடுத்து கோர்வை. உடலும் கரையும் பிணைகிற அந்தப் பல்வரிசையை நகத்தால் வருடினார், மெல்லிய சரசரப்பு கேட்டது. இழை விட்டிருந்தால் சத்தம் மாறுமாம். எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் கேட்டது!

முந்தியைத் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் நெடுநேரம் பார்த்தார். மல்லிமொக்குகள் உதிராமல் இருந்தன. அன்னத்தின் கழுத்தில் மட்டும் ஜரிகை தேய்ந்து, உள்ளிருந்த சிவப்புப் பட்டிழை எட்டிப் பார்த்தது. ஓரம் கறுத்திருக்கிறதே என்றேன். "வெள்ளின்னா கறுக்கத்தாம்மா செய்யும்," என்றார், கண்ணை எடுக்காமலே. தேய்த்துப் பளபளப்பாக்கவும் விடவில்லை. பழைய மடிப்புகளை ஒதுக்கி, வேறு இடங்களில் மடித்துப் பருத்தித் துணியில் சுற்றித் தந்தார். அன்னத்தின் கழுத்து இப்போது மடிப்பில் இல்லை.