பத்து மீட்டருக்குள்தான் ஆட்டம்

ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யவிக்கில், வீடுகளுக்கு நடுவே இருக்கிறது கிளாம்ப்ராடூன் பூங்கா. ஒரு பக்கம் ஓவியர் கியார்வாலின் பெயர் தாங்கிய கலைக்கூடம். புல்வெளியில், தட்டை எறிந்து கூடையில் போடும் டிஸ்க் கோல்ஃப் ஆட்டத்துக்கான ஒன்பது கூடைகள். கட்டணம் கிடையாது. தட்டோடு போனால் ஆடிவிட்டு வரலாம்.

இதுபோன்ற மைதானங்களைச் சின்னப் பிள்ளைகள் ஆடும் இடம் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. தூரம் குறையக் குறைய, தவறு ஒளிந்துகொள்ள இடமும் குறைகிறது. இங்கே பெரும்பாலும் எல்லாக் கூடையுமே பார் 3, அதாவது மூன்று வீச்சில் முடிக்க வேண்டியது. ஓரளவு பழகியவர் முதல் வீச்சிலேயே கூடைக்குப் பக்கத்தில் போய்விடுவார். இரண்டில் முடிப்பாரா, நான்குக்கு இழுத்தடிப்பாரா என்பதைச் சொல்வது அடுத்த வீச்சுதான்.

புதியவர்கள் செய்யும் முதல் தவறு, வேக எண் 12, 13 என்று அச்சிட்ட, தொலைவுக்கு எறியும் தட்டான டிரைவரை வாங்கி வருவது. அந்தக் கூர்விளிம்புத் தட்டு பறக்க அசுர வேகம் வேண்டும். அது கிடைக்காவிட்டால், வலது கைக்காரர் பின்கையால் எறிந்தது பாதி வழியிலேயே இடப்பக்கம் சாய்ந்து விழும். சின்ன மைதானத்துக்கு, கூடைக்கு அருகிலிருந்து எறிய ஒரு புட்டர், நடுத்தூரத்துக்கு ஒரு மிட்ரேஞ்ச் போதும். டிரைவர் வீட்டிலேயே இருக்கட்டும்.

இந்த ஆட்டம் வேர்பிடித்ததும் ஒரு பொதுப் பூங்காவில்தான். ஃப்ரிஸ்பீக்கு இன்றைய வடிவம் தந்த எட் ஹெட்ரிக், 1975இல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தர மைதானத்தை அமைத்தார். அப்போது இலக்கு வெறும் கம்பம். தட்டு பட்டதா, படவில்லையா என்று ஓயாத வாக்குவாதம். அதைத் தீர்க்க வந்ததுதான் சங்கிலி தொங்கும் கூடை. சங்கிலி குலுங்கினாலும் போதாது, தட்டு உள்ளே தங்க வேண்டும்.

அங்கேதான் ரெய்க்யவிக்கின் காற்று ஆளைச் சோதிக்கிறது. எதிர்காற்றில் தட்டின் முன்விளிம்பு ஒரு விரற்கடை தூக்கியிருந்தால் போச்சு. காற்று அடியில் புகுந்து சங்கிலிக்கு மேலே கொண்டுபோய்விடும். பின்காற்றில் தட்டு சட்டென்று இறங்கி, கூடையின் விளிம்பில் டங்கென்று மோதும். மோதிய தட்டு செங்குத்தாகத் தரை தொட்டால் சக்கரம்போல் உருள ஆரம்பித்துவிடும். ஐந்து மீட்டரில் நின்றவர் இப்போது பதினைந்து மீட்டரில் நிற்பார். கூடையிலிருந்து 10 மீட்டருக்குள் எறியும்போது, உடல் நிலைகொள்ளுமுன் காலை முன்னே வைக்கவும் விதி இடம் தராது. ஆத்திரப்பட்டு எறிகிறவர் அதிலும் மாட்டிக்கொள்வார்.

நல்ல ஆட்டக்காரரை நான் இனங்காண்பது இந்த இடத்தில்தான். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஒரு தாய் குறுக்கே போவார். இவர் தட்டைக் கீழே இறக்கிக் காத்திருப்பார். கொஞ்சம் புல்லைக் கிள்ளிக் காற்றில் விடுவார், அது போகும் திசையைப் பார்ப்பார். தாய் கடந்து போனதும், முன்விளிம்பைத் தாழ்த்தி, சங்கிலியின் நடுவில் ஒரே கண்ணியைக் குறிவைத்து எறிவார்.