மாவுக்கட்டுக்கு மார்க்கெட் ரிப்போர்ட் கிடையாது

இரண்டு மாதமாக ஒரு விசித்திரமான இலக்கிய வகையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். "காயப் பராமரிப்பில் உயிரியல் தோல் மாற்றுப் பொருட்களின் உலகச் சந்தை" என்கிற மாதிரித் தலைப்புள்ள ரிப்போர்ட்டுகள். முழு ரிப்போர்ட் வாங்க நமக்குக் கட்டுப்படியாகாது, விலை ஆயிரக்கணக்கான டாலர். இலவசமாகக் கிடைக்கிற சுருக்கமும் 'சாம்பிள்' பி.டி.எஃப்.பும்தான் நான் படித்தது. ஏழெட்டுக் கம்பெனிகளுடையவை. ஒன்றைப் படித்தால் மற்றதைப் படிக்க வேண்டாம். சந்தையின் அளவு பற்றி மட்டும் ஒருத்தருக்கொருத்தர் ஒத்துப்போக மாட்டார்கள். மீதியெல்லாம் ஒரே அச்சு: வளர்ச்சி விகிதம், "உந்துசக்திகள்", "தடைகள்", வட்டப்படம், முக்கியக் கம்பெனிகளின் பட்டியல். உந்துசக்தி என்ற தலைப்பின் கீழ் முதல் வரியில் எப்போதும் இருப்பது சர்க்கரை நோயாளிகளின் எண்ணிக்கை.

அந்த வரியில்தான் எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அந்த உந்துசக்தி எங்கள் வீட்டு ஹாலில் காலை நீட்டி உட்கார்ந்து டி.வி. பார்த்துக்கொண்டிருந்தது.

அப்பாவுக்கு இருபது வருடமாகச் சர்க்கரை. போன வருடம் வலது கால் கட்டைவிரலுக்குக் கீழே, பாதத்தில், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் புண். வலி இல்லை. வலி இல்லாததால் அவருக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. ஐயப்பன்தாங்கலில் எங்கள் வீட்டிலிருந்து பஸ் டிப்போ பக்கத்து டீக்கடை வரை காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப் போட்ட டிரங்க் ரோட்டில், ரப்பர் செருப்பில். பக்கத்தில் ஒரு கிளினிக்கில் டிரஸ்ஸிங். மூன்றாவது வாரம் "கொலாஜன் ஷீட் வைக்கலாம், சீக்கிரம் ஆறும்" என்றார்கள். நானே மெடிக்கலில் வாங்கிக் கொடுத்தேன். வெள்ளையாக, மெல்லிசாக, அப்பளம் மாதிரி இருந்தது. மொத்தம் நாலு ஷீட். ஒவ்வொரு தடவையும் ஒட்டிக்கொண்டு, மேலே துணி சுற்றி, அதே காலை ஊன்றி நடந்து வீட்டுக்கு வந்தார். "நடக்காதீங்க" என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, எனக்குத் தெரியாது.

இரண்டாவது விரல் போனது. அதற்குப் பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன்.

கொலாஜன் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. சொல்லப்போனால் அது நம்ம ஊர்ச் சரக்கு. அதன் மூன்றிழைச் சுருள் அமைப்பை 1954-55இல் கண்டு சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில் இருந்த ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். தோல் என்றாலே கொலாஜன்தானே. மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம், அதாவது சி.எல்.ஆர்.ஐ., 1948 முதல் அடையாறில் இருக்கிறது. அங்குள்ள அரங்கத்துக்கே 'டிரிபிள் ஹீலிக்ஸ்' என்றுதான் பெயர். ஆம்பூர், ராணிப்பேட்டைத் தொழிலுக்காக மாட்டுத்தோலை ஆராய்ந்த இடத்திலேயே காயத்துக்கான கொலாஜன் ஷீட் ஆராய்ச்சியும் நடந்தது. பக்கத்து மாநிலத்தில், திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை திருநாள் நிறுவனத்தில், பன்றியின் பித்தப்பையிலிருந்து 'கோலிடெர்ம்' என்ற ஒன்றை உருவாக்கி, 2023இல் அதற்கு மத்திய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அனுமதியும் கிடைத்தது. நல்ல விஷயம்.

சந்தேகம் பொருள் மேல் இல்லை, வட்டப்படத்தின் மேல்தான். எல்லா ரிப்போர்ட்டிலும் 'பயன்பாட்டு வாரியாக' ஒரு வட்டம் இருக்கும்: தீக்காயம் ஒரு துண்டு, நாளப்புண் ஒரு துண்டு, சர்க்கரைப் பாதப்புண் ஒரு பெரிய துண்டு. ஒரே கேக்கை வெட்டின மாதிரி. ஆனால் இவை ஒரே கேக் கிடையாது.

உடம்பில் பாதிக்கு மேல் வெந்துபோன ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்குக் குறைவது தோல்தான். தோல் இல்லாவிட்டால் நீர் வடியும், கிருமி ஏறும், ஆள் தங்க மாட்டார். சொந்தத் தோலை எடுத்து ஒட்ட உடம்பில் மிச்ச இடமும் இல்லை. அங்கே மாற்றுத் தோல் உயிர்காக்கும் பொருள். பாஸ்டனில் ஜான் பர்க் என்ற சர்ஜனும் இயான்னிஸ் யன்னாஸ் என்ற பேராசிரியரும் 1981இல் மாட்டுக் கொலாஜனையும் சுறாவின் குருத்தெலும்பிலிருந்து எடுத்த பொருளையும் சேர்த்துச் செய்த செயற்கைத் தோல் இதற்காகத்தான் பிறந்தது. இறந்தவர்கள் தானம் தரும் தோலைச் சேமிக்கும் வங்கியை மும்பை சயான் மருத்துவமனையில் 2000இல் ஆரம்பித்ததும் இதற்காகத்தான். டாடா மெமோரியலின் திசு வங்கி 1988இலிருந்து பிரசவத்தில் கிடைக்கும் பனிக்குடச் சவ்வைக் கதிர்வீச்சால் சுத்திகரித்துக் கொடுத்து வருகிறது. எதுவும் கிடைக்காத இடத்தில் பம்பாயில் உருளைக்கிழங்குத் தோலையும் வாழை இலையையும் காயத்துக்குப் போட்டுப் பார்த்து ஆய்வுக் கட்டுரையே எழுதியிருக்கிறார்கள். வாழை இலை நமக்குப் புதுசா என்ன?

அப்பாவின் பாதத்துக்குக் குறை தோல் இல்லை. உணர்ச்சி இல்லை. பிற்பாடு போன இடத்தில் டாக்டர் ஒரு நைலான் நரம்பால், 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நரம்பு அது, பாதத்தில் பத்து இடம் தொட்டார். கண்ணை மூடிக்கொண்டு, தொடும்போதெல்லாம் "ம்" சொல்ல வேண்டும். அப்பா மூன்று "ம்" சொன்னார். மீதி ஏழுக்கும் அமைதியாக, அடுத்தது எப்போது என்று காத்திருந்தார். நானும் அம்மாவும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கல் குத்தினால் நாம் காலை மாற்றி வைப்போம். அவர் மாற்ற மாட்டார். ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான அடிகள். புண் அதனால் வந்தது, அதனால்தான் ஆறவும் இல்லை. அதன் மேல் எதை வைத்து மூடினாலும் அடுத்த அடி அதன் மேல்தான் விழும்.

இதைக் கண்டுபிடித்த கதையும் இந்தப் பக்கத்துக் கதைதான். பால் பிராண்ட் கொல்லிமலையில் 1914இல் பிறந்தவர். 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து தொழுநோயாளிகளின் கை கால்களைப் பார்க்க ஆரம்பித்தார். 'குஷ்டத்தில் சதை அழுகும், அதனால் விரல் விழும்' என்றுதான் டாக்டர்களும் நம்பிய காலம். அவரும் அவர் சகாக்களும் வேலூரிலும் கரிகிரியிலும் பார்த்தது வேறு: சதையில் கோளாறு இல்லை, வலி தெரியாததால் நோயாளியே தன் காலை அடித்து நொறுக்குகிறார். அழுத்தத்தை எடுத்துவிட்டால் அதே சதை ஒழுங்காக ஆறுகிறது. எப்படி எடுப்பது? முழங்காலுக்குக் கீழே பாதம் முழுக்க ஒட்டி வருகிற மாதிரி மாவுக்கட்டு. புண்ணின் மேல் விழும் பாரம் பாதம், கெண்டைக்கால் எல்லாவற்றுக்கும் பங்கு போய்விடும். இதை முதலில் செய்தவர் பிராண்ட் இல்லை. இந்தியாவிலும் இலங்கையிலும் 1930களிலேயே தொழுநோய்ப் புண்ணுக்கு மாவுக்கட்டு போட்டவர்கள் உண்டு. பிராண்ட் அதை முறைப்படுத்தினார், 1966இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குப் போனபோது கூடவே எடுத்துப் போனார். அங்கிருந்துதான் அது சர்க்கரை நோயாளிகளின் காலுக்குப் பரவியது. ஆறின காலுக்கு வேலூர்க்காரர்கள் செய்த எம்.சி.ஆர். செருப்பு இன்றும் இருக்கிறது.

இப்போது எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 'அப்ளிகிராஃப்' என்பது இந்தத் துறையின் நட்சத்திரம். பிறந்த ஆண் குழந்தைகளுக்குச் சுன்னத்து செய்யும்போது கிடைக்கும் தோல் செல்களை மாட்டுக் கொலாஜனில் வளர்த்துச் செய்வது. சர்க்கரைப் பாதப்புண்ணில் 208 பேரிடம் நடந்த சோதனை 2001இல் வெளிவந்தது: 12 வாரத்தில் ஆறியவர்கள் 56 சதவீதம், அது வைக்காதவர்களில் 38 சதவீதம். 'டெர்மாகிராஃப்ட்' சோதனையில், 2003இல், 30 சதவீதமும் 18 சதவீதமும். அதே 2001இல் மாவுக்கட்டை வைத்து ஒரு சோதனை, 63 பேர்தான்: 12 வாரத்தில் ஆறியவர்கள் 89.5 சதவீதம். கழற்றி மாட்டக்கூடிய பூட்ஸ் போட்டவர்களில் 65 சதவீதம்.

வெவ்வேறு சோதனைகளை இப்படி நேருக்கு நேர் நிறுத்துவது முறையில்லை என்று எனக்கும் தெரியும். நோயாளிகள் வேறு, புண்ணின் ஆழம் வேறு. கிருமி தொற்றியிருந்தாலோ காலுக்கு ரத்த ஓட்டம் சரியில்லை என்றாலோ மாவுக்கட்டு போடவே கூடாது. தோல் மாற்றுப் பொருள் பலனே தராது என்றும் யாரும் சொல்லவில்லை. 17 சோதனைகள், 1,655 பேரைத் தொகுத்துப் பார்த்த 2016 கோக்ரேன் ஆய்வு, அவை ஆறும் வாய்ப்பைக் கூட்டுகின்றன என்றுதான் சொல்கிறது. நீண்டகாலப் பலனுக்கும் செலவுக்கேற்ற பலனுக்கும் ஆதாரம் போதாது என்றும் சேர்த்துச் சொல்கிறது. சர்வதேசப் பாதநோய் நிபுணர் குழுவின் 2023 வழிகாட்டுதலில் முதல் தேர்வு கழற்ற முடியாத, முழங்கால் வரை வரும் கட்டோ பூட்ஸோதான். செல்கள் உள்ள தோல் மாற்றுப் பொருளை வழக்கமாக எல்லாருக்கும் வைக்க வேண்டாம் என்பது அவர்கள் ஆலோசனை.

"கழற்ற முடியாத" என்பதில்தான் சூட்சுமம். கழற்றக்கூடிய பூட்ஸ் கொடுத்து எத்தனை அடி அதோடு நடக்கிறார்கள் என்று ரகசியமாக எண்ணிப் பார்த்தார்கள். நூற்றுக்கு 28. அப்பாவாக இருந்தால் பத்துகூட வந்திருக்காது.

சந்தை ரிப்போர்ட் எதிலாவது மாவுக்கட்டு இருக்கிறதா என்று தேடினேன். 'போட்டிப் பொருட்கள்' பகுதியில்கூட இல்லை. பாரிஸ் சாந்துக்கு முக்கியக் கம்பெனி என்று யாரைப் போடுவது? அதில் செலவு பொருளில் இல்லை, கையில் இருக்கிறது: கட்டத் தெரிந்த ஒரு டெக்னீஷியன், வாரம் அல்லது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வெட்டிப் பார்த்து மறுபடி கட்டும் பொறுமை. விற்க முடிந்ததை மட்டுமே எண்ணுகிற கணக்கில் அது வராது.

அப்படியானால் அந்த எண்கள் எதைத்தான் எண்ணுகின்றன? அமெரிக்காவைப் பாருங்கள். வட அமெரிக்காதான் எல்லா ரிப்போர்ட்டிலும் முதலிடம், காரணம் "சாதகமான காப்பீட்டுச் சூழல்". அந்தச் சூழல் என்ன என்று பார்த்தால் தலை சுற்றும். முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் இந்தப் பொருட்களுக்குக் கொடுத்த தொகை 2019இல் சுமார் 25 கோடி டாலர், 2024இல் 1,000 கோடி டாலருக்கு மேல். ஐந்து வருடத்தில் நாற்பது மடங்கு. அமெரிக்கர்களின் காலில் நாற்பது மடங்கு புண் வரவில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் அதன் சராசரி விற்பனை விலைக்கு மேல் 6 சதவீதம் என்பது விதி. விலை அதிகமென்றால் டாக்டருக்கு மிச்சமும் அதிகம். புதிதாக வரும் பொருளுக்குச் சராசரி இருக்காது, எனவே கம்பெனி போட்ட விலையே விலை. புதுப் பெயரில் புதுப் பொருள் வந்துகொண்டே இருந்தது. பெரும்பாலும் அதே பனிக்குடச் சவ்வு. சதுர சென்டிமீட்டருக்கு இரண்டாயிரம் டாலர் வரை போனது. 2024 ஜூனில் அரிசோனாவில் ஒரு தம்பதி மேல் வழக்கு: சாகக் கிடந்த முதியவர்கள் உட்படப் பலருக்குத் தேவையில்லாமல் சவ்வு ஒட்டி, 120 கோடி டாலருக்குப் பில் போட்டார்கள். பிறகு குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். 2026 ஜனவரி முதல் பெரும்பாலான பொருட்களுக்கும் ஒரே விலை, சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 127 டாலர் என்று அமெரிக்க அரசு நிர்ணயித்துவிட்டது.

இந்த ஐந்து வருடமும் ரிப்போர்ட்டுகளில் 'வளர்ச்சி' என்ற ஒரே சொல்தான். மோசடியும் வளர்ச்சி, வெந்த உடம்பில் ஒட்டிய தோலும் வளர்ச்சி. விலை குறைந்ததால் இனி அது "தடைகள்" பத்தியில் வந்து உட்காரும். ஒரு புண் ஆறியதா இல்லையா என்ற கட்டம் எந்த அட்டவணையிலும் இல்லை. ஆறினால் வாடிக்கையாளர் குறைகிறார், அவ்வளவுதான்.

அடுத்த குறி நாம்தான். "ஆசிய-பசிபிக், வேகமாக வளரும் பகுதி." சென்னை மோகன் டயபெட்டிஸ் ஆராய்ச்சி நிறுவனமும் ஐ.சி.எம்.ஆரும் சேர்ந்து 2023இல் வெளியிட்ட ஆய்வுப்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி பேர். தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களில் 14.4 சதவீதம். அந்த எண் ஒரு எச்சரிக்கையாக வந்தது. ரிப்போர்ட்டில் அதே மாதிரி எண் வாய்ப்பாக இருக்கிறது. எங்கள் கிளினிக்கில் நடந்ததை இதோடு சேர்த்துப் பார்க்கிறேன்: கொலாஜன் ஷீட்டுக்கு மெடிக்கலில் ஸ்டாக் இருந்தது, நைலான் நரம்பு கிளினிக்கில் இல்லை. இத்தனைக்கும் அதன் விலை ஒரு ஷீட்டைவிடக் குறைவு.

விரல் எடுத்த காயம் ஆறி, நாலு மாதத்தில் அதே காலில் இன்னொரு புண். இந்த முறை ரத்த ஓட்டம் சோதித்து, கெட்ட சதையைச் சுரண்டி எடுத்து, மாவுக்கட்டு போட்டார்கள். அப்பாவுக்கு ஒரே எரிச்சல். "எலும்பா உடைஞ்சுது? இதுக்குப் போய் மாவுக்கட்டா?" என்று வருகிறவர்களிடமெல்லாம் கேட்டார். டீக்கடைப் போக்குவரத்து நின்றது. டீக்கடை நண்பர்கள் இரண்டு பேர் ஃபிளாஸ்க்கோடு வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். ஏழு வாரம், ஐந்து கட்டு. கடைசியாக வெட்டி எடுத்தபோது புண் இருந்த இடத்தில் ரோஸ் நிறத்தில் தோல் மூடியிருந்தது, அவருடைய சொந்தத் தோல்.

இப்போது எம்.சி.ஆர். செருப்பு. முதல் வாரம் வாசலுக்கு வெளியே போட மறுத்தார், பார்க்க அசிங்கமாக இருக்கிறதாம். ராத்திரி படுக்கும் முன் அம்மா சவரக் கண்ணாடியைத் தரையில் வைப்பார், அப்பா அதற்கு மேல் பாதத்தைத் தூக்கிக் காட்டுவார். நேற்று குதிகாலில் ஒரு சின்ன வெடிப்பு. நாளைக்குக் கூட்டிப் போகணும்.