‘காஞ்சனா’வில் நகையும் அச்சமும்

அச்சமும் நகையும் தம்முள் முரண்பட்டன போலத் தோன்றினும், ஒரே கதையில் அவற்றைப் பிணைப்பது தமிழ்த் திரைப்படத்துக்குப் பழகிய வழக்காகிவிட்டது. அம்முயற்சிகளுள் பெரிதும் பாராட்டப்பெற்றது இராகவா லாரன்ஸ் இயக்கி நடித்து 2011இல் வெளிவந்த ‘காஞ்சனா’. 2007இல் வந்த ‘முனி’யின் வழியில் எழுந்த இப்படத்தைத் தொடர்ந்து 2015இலும் 2019இலும் மேலும் இரு படங்கள் வந்தன, 2020இல் அது இந்திக்கும் சென்றது. இப்புகழைக் கேட்டறிந்த பின்னர் படத்தைக் காண அமரும் கல்முனைச் சுவைஞன் முற்பாதியில் வயிறு குலுங்கச் சிரிக்கின்றான், பிற்பாதியில் கண்கலங்குகின்றான், எனினும் நிறைவின்றியே எழுகின்றான். அக்குறை எங்குளது?

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எள்ளல், இளமை, பேதைமை, மடமை என்னும் நான்கினையும் நகையின் பிறப்பிடங்களாகக் கூறும். பொழுது சாய்ந்தால் பேய்க்கு அஞ்சித் தாயின் இடுப்பில் தாவியேறும் கட்டிளங்காளையாகக் கதைத்தலைவன் அறிமுகமாகின்றான். இங்கே தோன்றுவது இளமையும் பேதைமையும் பற்றிய நகை. எவரையும் புண்படுத்தாத நகை. தாயாக வரும் கோவை சரளாவும் மருமகளாக வரும் தேவதர்ஷினியும் இல்லையேல் முற்பாதியே இல்லை எனல் மிகையன்று.

ஆயின், காஞ்சனாவின் ஆவி அவனுள் புகுந்ததும் நகையின் வேர் மாறிவிடுகின்றது. சேலை உடுத்து, மஞ்சள் பூசி, ஒயிலாக நடக்கும் ஆண்மகன் என்பதே சிரிப்புக்குப் பொருளாகின்றது. இஃது எள்ளல். பின்னர்ச் சரத்குமார் நடிப்பில் காஞ்சனாவின் வரலாறு விரிகின்றது. திருநங்கை என்பதனாற் பெற்றோரால் ஒதுக்கப்பட்டவள் அவள். தன்னையொத்த இன்னொருத்தியை மருத்துவராக்க அரும்பாடுபட்டவள். முன்னணி நடிகரொருவர் இப்பாத்திரத்தைக் கொச்சைப்படுத்தாது தாங்கி நின்றமை உண்மையிலேயே துணிவான செயல். அப்பகுதிக்குக் கிடைத்த பாராட்டு தகும். ஆனால் எந்த எள்ளல் அவளை வீட்டினின்றும் விரட்டியதோ, அதே எள்ளலைக் கொண்டன்றோ படம் ஒரு மணி நேரம் அவையோரைச் சிரிக்க வைத்தது! முன்னர்ச் சிரித்தமைக்காகச் சுவைஞன் நாணும் ஒரு கணத்தையேனும் இயக்குநர் அமைத்திருப்பின், அச்சிரிப்பும் கலையாகியிருக்கும். படமோ அதனை மறந்து கடந்துபோகின்றது.

காஞ்சனாவுக்கு அடைக்கலம் தந்தவர் ஒரு முஸ்லிம் பெரியவர். இஃது அழகிய கற்பனை. ஆயினும் அவர் ஆவி பேசுவது இந்தி. சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் நிந்தவூரிலும் முஸ்லிம் மக்கள் தாலாட்டு முதல் ஒப்பாரி வரை தமிழிலேயே வாழ்கின்றனர். தமிழ்நாட்டிலும் தமிழையே தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம்கள் மிகப் பலர். இருந்தும், முஸ்லிம் எனின் பிறமொழியாளன் என்னும் திரையுலகின் பழைய வாய்பாட்டை இப்படமும் ஐயமின்றி ஏற்றுக்கொள்கின்றது. ஒதுக்கப்பட்டோருக்காகப் பரிந்து பேசும் கதையில் இது சிறு பிழையன்று.

இனி, அச்சம். அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்பன அதற்கு நிலைக்களன்கள் என்பது தொல்காப்பியர் கருத்து. ஓதிய தண்ணீர் ஒருபுறம், அம்மன் சடங்கிற் கலையாடுவோர் மறுபுறம் என வாழும் இக்கரையோரத்தாருக்கு அணங்கு புதிதன்று. கதவு தானே அடைபடுவதும் திடீரென இசை அலறுவதும் அவர்களைத் திடுக்கிட வைக்கும், அஞ்ச வைக்கா. உண்மையில் அஞ்சத்தக்கது இக்கதையில் வேறொன்றுண்டு. மருத்துவமனை கட்டுவதற்கெனக் காஞ்சனா வாங்கிய நிலத்தைச் சட்டமன்ற உறுப்பினன் கவர்கின்றான். உரிமை கேட்டவளைக் கொன்று அந்நிலத்திலேயே புதைக்கின்றான். கள்வனும் இறையும் இங்கே ஒருவனே. காணிப் பிணக்குகளோடு தலைமுறைகளாக வாழும் அம்பாறைக் கரையோரத்துச் சுவைஞனுக்கு இதனினும் மெய்யான அச்சம் பிறிதில்லை. இவ்வரிய பொருளையோ இயக்குநர் முன்கதையின் சில நிமிடங்களுக்குள் அடக்கிவிட்டு, ஆவியின் பழிவாங்கலுக்கும் ஆரவார நடனத்துக்குமே எஞ்சிய நேரத்தைக் கொடுத்துவிட்டார்.